துக்கம் கேட்டல்: இறந்தோரை நினைத்தலும் பேசுதலும்

துக்கம் கேட்டல் என்பது ஒருவர் இறந்த பின் உறவினரும் நண்பரும் அவருடைய வீட்டிற்குச் சென்று ஆறுதல் கூறும் வழக்கத்தைக் குறிக்கும். துக்கம் விசாரித்தல், இழவு கேட்டல் என்றும் இது வழங்கப்படும். இறந்தவரைப் பற்றிப் பேசவும் அழவும் நினைவுகூரவும் தமிழ்ச் சமூகம் ஏற்படுத்தி வைத்திருக்கும் பல வழிகளுள் இது ஒன்று. ஒப்பாரி, நடுகல், திதி, படையல், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, நினைவு மலர் ஆகியவை மற்ற சில வழிகள்.

‘கேட்டல்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் வினவுதல், செவிமடுத்தல் என்று இரண்டு பொருள்கள் உண்டு. துக்கம் கேட்கச் செல்பவர் ‘எப்படி நடந்தது?’ என்று வினவுகிறார். பிறகு வீட்டார் சொல்வதைச் செவிமடுக்கிறார். ஒரே செய்தியை அந்த வீட்டார் வருபவர் ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கின்றனர். முதல் நாள் தொண்டை அடைத்துப் பாதியில் நின்றுபோன பேச்சு, பதினாறாம் நாள் காரியத்திற்குள் ஓரளவு கோவையான கதையாகிவிடுகிறது. இப்படித் திரும்பச் சொல்வதும் கேட்பதும் துயருற்றவருக்கு ஏன் தேவைப்படுகின்றன என்பதையும், யாருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்காமல் போகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பழந்தமிழ் இலக்கியத்தில் இழப்பு

இறந்தவரை நினைத்து வருந்திப் பாடுவதற்குப் பழந்தமிழ் இலக்கணத்தில் தனித் துறைகள் இருந்தன. தலைவனை இழந்தவர்கள் செயலற்று வருந்துவது கையறுநிலை எனப்பட்டது. கணவனை இழந்த மனைவியின் நிலை தாபத நிலை என்றும், மனைவியை இழந்த கணவனின் நிலை தபுதார நிலை என்றும், காட்டு வழியில் கணவனை இழந்த பெண் தனித்து நின்று புலம்புவது முதுபாலை என்றும் பெயர் பெற்றன. இவற்றைத் தொல்காப்பியம் காஞ்சித் திணையில் வைத்துக் கூறுகிறது. யார் யாரை இழந்தார் என்பதைப் பொறுத்துத் துயரத்தின் தன்மையும் பேச்சும் மாறும் என்பதை இலக்கண நூலாரே உணர்ந்திருந்தனர் என்பதை இதனால் அறியலாம்.

புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களில் இறந்தவரின் வீரமும் கொடையும் பொதுவாகப் புகழப்படுகின்றன. ஆனால் நெஞ்சில் நிற்பவை அவற்றில் வரும் சிறு செய்திகளே. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய 235ஆம் பாடல் இதற்குச் சிறந்த சான்று. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் அவன் என்ன செய்வான், நிறையக் கிடைத்தால் என்ன செய்வான் என்பதை ஔவையார் அதில் நினைத்துப் பார்க்கிறார். மணம் கமழும் கையால் அவன் தம் தலையைத் தடவிக் கொடுத்ததையும் சொல்கிறார். ஓர் அரசனின் வெற்றிகளை விட, உடனிருந்து உண்ட பொழுதும் அவன் கையின் மணமுமே அங்கு இழப்பை உணர்த்துகின்றன. இன்றும் தந்தையை இழந்த ஒருவர் அவர் வகித்த பதவியைச் சொல்லி அழுவதில்லை. சைக்கிள் மணியோசையையும் அவர் சட்டையில் இருந்த வியர்வை மணத்தையும் சொல்லித்தான் அழுகிறார்.

242ஆம் பாடலில் குடவாயிற் கீரத்தனார் ஒல்லையூர்ப் பெருஞ்சாத்தனை இழந்த துயரத்தில் முல்லைக் கொடியைப் பார்த்துப் பேசுகிறார். அவன் இல்லாத ஊரில் நீ எதற்காகப் பூக்கிறாய் என்பது அதன் கருத்து. உலகம் வழக்கம்போல் நடந்துகொண்டிருப்பதைக் கண்டு துயருற்றவருக்கு ஏற்படும் வியப்பும் கோபமும் இதில் வெளிப்படுகின்றன. 256ஆம் பாடலில் கணவனை இழந்த ஒரு பெண் குயவனிடம் பேசுகிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த பல்லியைப் போல அவனுடன் பல வழிகளைக் கடந்து வந்தவள் தான் என்று கூறி, அவனுக்குச் செய்யும் தாழியைத் தனக்கும் இடம் இருக்குமாறு அகலமாகச் செய்யும்படி வேண்டுகிறாள்.

மனைவியை இழந்த ஆணின் துயரத்தைக் கூறும் பாடல்கள் மிகக் குறைவு. 245ஆம் பாடல் அவ்வகையைச் சேர்ந்தது. சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் மனைவி இறந்தபோது பாடியது அது. அவளைச் சுடுகாட்டுத் தீயில் வைத்த பிறகும் தான் உயிரோடு இருக்கிறோமே, தன் துயரம் அவ்வளவுதானா என்று தன்னையே அவன் கேட்டுக்கொள்கிறான். உயிர் வாழ்வதே குற்றமாகத் தோன்றும் இந்த உணர்வைத் துணையை இழந்த பலர் இன்றும் கூறுகின்றனர்.

ஒப்பாரி

ஒப்பாரி என்பது இறந்தவரை விளித்துப் பெண்கள் பாடும் இரங்கற் பாடலாகும். ‘ஒப்பு’ என்னும் சொல்லின் அடியாகப் பிறந்தது இது என்றும், ஒப்புமை சொல்லி அழுவதால் இப்பெயர் வந்தது என்றும் விளக்குவர். பிலாக்கணம், இழவுப்பாட்டு, புலம்பல் என்னும் பெயர்களும் உண்டு. இறப்பு நேர்ந்த வீட்டில் பெண்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோளில் மற்றவர் கை போட்டுக்கொண்டு பாடுவது வழக்கம். நா. வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ உள்ளிட்ட பல தொகுப்புகளில் ஒப்பாரிப் பாடல்கள் இடம்பெற்றுள்ளன.

ஒப்பாரியின் முதல் இயல்பு, அது இறந்தவரைப் பற்றிப் படர்க்கையில் பேசுவதில்லை என்பதாகும். ‘என்னைப் பெத்த அம்மா’, ‘ராசா’ என்று நேரே அழைத்து அவரிடமே பேசுகிறது. கேள்வி கேட்கிறது, சண்டையும் போடுகிறது. ‘என்னை விட்டுவிட்டுப் போக எப்படி மனம் வந்தது?’ என்ற கோபத்தைத் தவறாக எண்ணாமல் ஏற்றுக்கொள்ளும் இடமாக ஒப்பாரி அமைகிறது.

அதன் இரண்டாவது இயல்பு, பாடுபவள் தன் வாழ்க்கையையும் சேர்த்துப் பாடுவதாகும். தாய் இறந்தபின் பிறந்த வீட்டில் தனக்கு இனி யார் இருக்கிறார்கள், அண்ணன் மனைவி தன்னை வாசலில் வரவேற்பாளா, கணவன் வீட்டில் தான் படும் பாட்டை இனி யாரிடம் சொல்வது என்பன ஒப்பாரியில் அடிக்கடி வரும் செய்திகள். மானுடவியலாளர் இசபெல் கிளார்க்-தெசே தமிழ்நாட்டு இரங்கற் பாடல்களை ஆராய்ந்து 2005இல் எழுதிய நூலின் தலைப்பே ‘இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை’ என்னும் பொருளுடையது. அழும் பெண்கள் தத்தம் துயரங்களையே பாடுகின்றனர் என்பதை அந்நூல் விரிவாகக் காட்டுகிறது. இதனால் ஒப்பாரி போலியானது என்று கருதிவிடக் கூடாது. ஒருவரின் மரணம் பழைய இழப்புகள் அனைத்தையும் எழுப்பிவிடுகிறது. வேறு நாளில் வாய்விட்டுச் சொல்ல முடியாதவற்றைச் சொல்ல அந்த நாள் இடம் தருகிறது.

ஆண்களுக்கு இந்த வாய்ப்புக் குறைவு. பெண்கள் உள்ளே அழ, ஆண்கள் வெளியே பந்தலடியில் அமர்ந்து எடுக்கும் நேரம், வண்டி, விறகு, ஆள் அனுப்புதல் ஆகியவற்றைப் பேசுகின்றனர். சென்னையில் ஆண்கள் பாடும் மரண கானா இதற்கு ஒரு விதிவிலக்கு. இறந்தவரின் பெயரையும் குணத்தையும் நண்பர்களையும் சேர்த்துப் பாடும் அப்பாடல்கள் வடசென்னைப் பகுதி உழைக்கும் மக்களிடையே வளர்ந்தவை.

இக்காலத்தில் நகரங்களில் ஒப்பாரி குறைந்து வருகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் உரக்க அழுவது அநாகரிகம் என்று கருதப்படுகிறது. குளிர்பதனப் பெட்டியும் ஒலிநாடாவும் வந்துவிட்டன. ஒப்பாரியுடன் சேர்ந்து, இறந்தவரிடம் நேரே பேசும் உரிமையும் குறைந்துவிட்டது.

கல்லிலும் தாளிலும் நினைவு

போரில் அல்லது ஆநிரை மீட்பதில் இறந்த வீரருக்குக் கல் நட்டு வழிபடுவது பழந்தமிழ் வழக்கம். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று அதன் நிலைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்று, ஆநிரை கவர்தலில் இறந்த ஒருவனின் பெயரையும் ஊரையும் குறிக்கிறது. ஒரு சில சொற்களே உள்ள அந்தக் கல்லில் எழுதியவர்கள் விட்டுவிடாத செய்திகள் அவன் யார், எந்த ஊரான், எதில் இறந்தான் என்பவையே.

இன்றைய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலும் இவையே உள்ளன. படம், பெயர், ‘தோற்றம்’, ‘மறைவு’ என்று இரு தேதிகள், கீழே வருந்துவோரின் பட்டியல் என்பது அதன் அமைப்பு. ஊரில் பெரிய மனிதர் என்று யாரும் சொல்லாத ஒருவரின் முகமும் ஒருநாள் பேருந்து நிலையச் சுவரில் இடம்பெறுகிறது. நாளிதழ்களில் முதலாம் ஆண்டு, பத்தாம் ஆண்டு நினைவஞ்சலி விளம்பரங்களில் ‘நீங்கள் எங்களை விட்டுப் பிரிந்து’ என்று முன்னிலையிலேயே எழுதுகின்றனர். ஒப்பாரியின் விளிப்பு இங்கே அச்சில் தொடர்கிறது.

இலங்கைத் தமிழரிடையே இந்த மரபு வேறு வடிவம் பெற்றது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை வாசித்த மரண அறிவித்தல்கள், இறந்தவரை உறவுகளின் வழியே அறிமுகம் செய்தன. இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் பாசமிகு தாய், இன்னாரின் மாமி என்று அந்த வரிசை நீளும். யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையின்போது ‘கல்வெட்டு’ என்னும் சிறு நூலை வெளியிடும் வழக்கம் உண்டு. இறந்தவரின் குலவரலாறும் வாழ்க்கையும் உறவினரின் புலம்பலும் அதில் செய்யுளாக இருக்கும். பின்னர் இது நினைவு மலராக விரிந்தது. தேவாரம், திருவாசகப் பாடல்களுடன் வாழ்க்கைக் குறிப்பு, நண்பர்களின் நினைவுகள் ஆகியவையும் சேர்க்கப்பட்டன. நூலகம் இணைய ஆவணகத்தில் இத்தகைய நினைவு வெளியீடுகள் பல பாதுகாக்கப்பட்டுள்ளன. போராலும் புலம்பெயர்வாலும் ஊர்கள் சிதறிய சூழலில், பல குடும்பங்களுக்கு இவையே எஞ்சிய வரலாற்று ஆவணங்கள்.

நாட்களும் படையலும்

துயரம் எப்போது வேண்டுமானாலும் வரும். அதற்கென்று நாள் குறித்து வைப்பதன் மூலம் மரபு அதற்கு ஓர் ஒழுங்கைத் தருகிறது.

இந்துக் குடும்பங்களில் பால் தெளித்தல், பதினாறாம் நாள் காரியம், ஆண்டுத் திதி, ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகள் ஆகியவை நினைவு நாட்களாகும். சமூகத்திற்கும் ஊருக்கும் ஏற்ப நாட்கணக்கு மாறும். முதல் ஆண்டில் பொங்கல், தீபாவளி கொண்டாடாமல் இருப்பதும் பரவலான வழக்கம். தமிழ்நாட்டின் வடபகுதியில் சுமங்கலியாக இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று வழிபட்டு, வீட்டில் திருமணம் போன்ற நற்காரியம் நிகழும் முன் அவளுக்குப் புடவையும் பூவும் வைத்துப் படைப்பர்.

கத்தோலிக்கக் கிறித்தவர்கள் நவம்பர் 2ஆம் நாளைக் கல்லறைத் திருநாளாகக் கொள்கின்றனர். கல்லறையைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, குடும்பமாக அங்கே நேரம் செலவிடுவர். தமிழ் முஸ்லிம்களில் பலர் மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் ஆகியவற்றில் குர்ஆன் ஓதி இறந்தவருக்காகப் பிரார்த்திக்கின்றனர். கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருப்பது இஸ்லாமிய மார்க்கத்தில் கூறப்பட்டுள்ளது.

படையலில் இறந்தவருக்குப் பிடித்த பண்டத்தை வைப்பது குறிப்பிடத்தக்கது. ‘அப்பாவுக்குக் கருவாட்டுக் குழம்பு பிடிக்கும்’ என்று சொல்லிக்கொண்டே சமைக்கும்போது, அவரைப் பார்த்திராத பேரக் குழந்தையும் அவரைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்கிறது. காகத்திற்குச் சோறு வைத்துக் காத்திருக்கும் சில நிமிடங்களில் வீட்டார் அவரைப் பற்றி இயல்பாகப் பேசுகின்றனர். காகம் வரத் தாமதமானால், ‘அவருக்குக் கோபம் இன்னும் தீரவில்லை’ என்று சிரித்துக்கொள்வதும் உண்டு.

பொது இழப்புகளுக்கும் நாட்கள் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆண்டுதோறும் அந்நாளில் கரையோர மக்கள் கடலில் பாலும் பூவும் விடுகின்றனர். அதே ஆண்டு ஜூலை 16இல் கும்பகோணத்தில் நேர்ந்த பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். அந்தப் பெற்றோர் ஆண்டுதோறும் தம் பிள்ளைகளின் படங்களுக்கு முன் கூடி அஞ்சலி செலுத்தி வருகின்றனர்.

அன்றாடப் பேச்சில் இறந்தவர்

‘செத்தார்’ என்று சொல்வதை மக்கள் பொதுவாகத் தவிர்க்கின்றனர். காலமானார், இயற்கை எய்தினார், இறைவனடி சேர்ந்தார், சிவபதம் அடைந்தார், கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார், மௌத்தானார், தவறிவிட்டார் எனப் பல வழக்குகள் உள்ளன. இவ்வாறு மங்கலமில்லாததை மங்கலச் சொல்லால் கூறுவதை இலக்கண நூலார் ‘மங்கலம்’ என்பர். ‘துஞ்சினார்’ என்பது அதற்குக் கூறப்படும் எடுத்துக்காட்டு. மேலே குறிப்பிட்ட மாக்கோதையின் பெயரிலுள்ள ‘துஞ்சிய’ என்பதும் இதே வழக்குதான்.

இறந்தவரைப் பற்றிப் பேசும்போது காலம் தடுமாறுகிறது. ‘அவருக்கு இட்லி என்றால் பிடிக்கும்’ என்று தொடங்கியவர், ‘பிடிக்குமே’ என்று ஒரு கணம் நிறுத்துவார். ‘அம்மாவின் அறை’, ‘அப்பாவின் நாற்காலி’ என்ற சொற்கள் ஆண்டுகள் சென்ற பின்னும் மாறுவதில்லை. திருமண அழைப்பிதழில் ‘அமரர்’, ‘தெய்வத்திரு’, ‘லேட்’ என்ற அடைமொழியுடன் தந்தையின் பெயர் இடம்பெறுகிறது. அவர் இல்லாத திருமணத்திலும் அவர் பெயரில்தான் அழைப்புச் செல்கிறது.

குழந்தையை இழந்த பெற்றோர் வயதைக் கணக்கிட்டுக்கொண்டே இருப்பர். ‘இருந்திருந்தால் இந்த வருடம் பத்தாவது எழுதுவான்’ என்பது பிறர் அறியாமல் மனத்தில் ஓடும் கணக்கு. ‘உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?’ என்னும் எளிய கேள்விக்கு விடை சொல்ல அவர்கள் தடுமாறுகின்றனர். இரண்டு என்று சொன்னால் மேற்கொண்டு விளக்க வேண்டும். ஒன்று என்று சொன்னால் இறந்த பிள்ளையை மறுத்துவிட்டதாகத் தோன்றும்.

உளவியல் விளக்கங்கள்

இழப்புத் துயரைப் பற்றிய உளவியல் கருத்துகள் கடந்த நூறு ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளன. சிக்மண்ட் பிராய்ட் 1917இல் வெளியிட்ட கட்டுரையில், துயருறும் மனம் இறந்தவர் மீது கொண்ட பற்றைச் சிறிது சிறிதாக விலக்கிக்கொள்கிறது என்று விளக்கினார். பற்றை விடுவதே துயர் தீரும் வழி என்னும் கருத்து இதிலிருந்து பரவியது. ஆனால் அவர் மகள் சோபி 1920இல் நோயால் இறந்தார். 1929இல், மகனை இழந்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில், தம் மகள் இருந்திருந்தால் அன்று 36 வயது நிறைந்திருக்கும் என்று பிராய்ட் குறிப்பிட்டார். அந்த இடத்தை வேறொன்று நிரப்பினாலும் அது வேறொன்றாகவே இருக்கும் என்றும், அப்படி இருப்பதே சரி என்றும் எழுதினார். தமிழ்நாட்டுத் தாய் ஒருத்தி மனத்தில் வைத்திருக்கும் அதே வயதுக் கணக்கை அவரும் வைத்திருந்தார்.

எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் வெளியிட்ட நூலில் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என ஐந்து நிலைகளைக் கூறினார். அவை நோயால் இறக்கும் தறுவாயில் இருந்தவர்களிடம் பேசி அறிந்தவை. பிற்காலத்தில் இழந்தவர்களுக்கும் அவை பொருத்தப்பட்டன. எல்லோரும் இந்த வரிசையில் கடந்து செல்வதில்லை என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ‘நீ இன்னும் ஏற்பு நிலைக்கு வரவில்லை’ என்று ஒருவரை அளப்பது பொருந்தாது.

1996இல் டென்னிஸ் கிளாஸ், பில்லிஸ் சில்வர்மேன், ஸ்டீவன் நிக்மேன் ஆகியோர் தொகுத்த நூல் ‘தொடரும் பிணைப்பு’ என்னும் கருத்தை முன்வைத்தது. இறந்தவருடனான உறவு முடிந்துவிடுவதில்லை, அது வேறு வடிவில் தொடர்கிறது, அது நோயன்று என்பது அதன் சாரம். அதே காலத்தில் சமூகவியலாளர் டோனி வால்டர், இறந்தவரை அறிந்த பிறரோடு பேசி அவருடைய வாழ்க்கை வரலாற்றை மனத்தில் நிலைநிறுத்திக்கொள்வதே துயரின் நோக்கம் என்று எழுதினார். துக்கம் கேட்க வந்தவர் ‘உங்கள் அப்பா எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினார், உங்களுக்குத் தெரியாதா?’ என்று சொல்லும்போது நிகழ்வது இதுதான். மகன் அறியாத தந்தை ஒருவர் அன்று அவனுக்குக் கிடைக்கிறார்.

1999இல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் ஆகியோர் இருவழி மாதிரியை விளக்கினர். துயருற்றவர் சில வேளை இழப்பில் மூழ்குகிறார். சில வேளை அதை ஒதுக்கிவைத்து ரேஷன் கடைக்கும் வங்கிக்கும் போகிறார். இவ்வாறு மாறி மாறிச் செல்வது இயல்பானது. காலையில் அழுதவர் மாலையில் சிரித்தால் அவருக்கு அன்பில்லை என்று பொருளாகாது.

எனினும், பல மாதங்கள் கடந்த பின்னும் ஏக்கம் சற்றும் தணியாமல், அன்றாட வாழ்க்கையே நடவாத நிலை சிலருக்கு ஏற்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு இதை நீடித்த துயர்க் கோளாறு என்று சேர்த்துள்ளது. இழப்பிற்குப் பின் குறைந்தது 6 மாதங்கள் கழிந்திருக்க வேண்டும் என்றும், அந்தப் பண்பாட்டின் வழக்கத்தையும் மீறிய துயராக இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. இந்நிலைக்கு மருத்துவ உதவி தேவை. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும், இந்தியா முழுவதும் டெலிமானஸ் 14416 என்ற எண்ணிலும் மனநல ஆலோசனை பெறலாம்.

பேச இடமில்லாத துயரங்கள்

மேலே கூறிய வழிகள் எல்லோருக்கும் திறந்திருப்பதில்லை.

தற்கொலையால் இறந்தவரின் வீட்டில் துக்கம் கேட்பது விசாரணையாக மாறிவிடுகிறது. ‘ஏன்’, ‘யாரால்’ என்ற கேள்விகளுக்கு அஞ்சி, குடும்பத்தார் மாரடைப்பு என்று சொல்லிவிட்டு மௌனமாகின்றனர். இறந்தவரின் இறுதி நாள் ஒன்றே பேசப்பட்டு, அவர் வாழ்ந்த ஆண்டுகள் அனைத்தும் பேச்சிலிருந்து விலக்கப்படுகின்றன.

கருவில் இறந்த சிசுவுக்கும் பிறந்த சில நாளில் இறந்த குழந்தைக்கும் பல குடும்பங்களில் காரியமும் இல்லை, திதியும் இல்லை. பெயரும் படமும் இல்லாத ஒரு பிள்ளையைப் பற்றித் தாய் யாரிடம் பேசுவாள்? ‘அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும்’ என்ற ஆறுதலோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

கணவனை இழந்த பெண்ணின் துயரத்தை மரபு அடையாளமாக்கியது. புறநானூற்றுக் காலத்திலேயே கைம்பெண்ணின் உணவும் படுக்கையும் கடுமையாக இருந்ததைப் பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய 246ஆம் பாடல் காட்டுகிறது. பிற்காலத்திலும் நற்காரியங்களில் அவள் ஒதுக்கப்பட்டாள். துயரத்தை உடையிலும் நெற்றியிலும் காட்ட வேண்டியிருந்த அவளிடம் அவள் மனத்தில் இருப்பதைக் கேட்டவர்கள் குறைவு.

காணாமல் போனோரின் குடும்பங்களின் நிலை இவற்றினும் கடினமானது. இலங்கையில் போரின்போதும் அதன் முடிவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பிப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் பிற இடங்களிலும் படங்களை ஏந்தித் தொடர் போராட்டம் நடத்தினர். உடல் இல்லை, செய்தி இல்லை என்னும்போது அந்தியேட்டி செய்வது பிள்ளையைத் தானே இறந்ததாக அறிவிப்பதாகும் என்று பல தாய்மார் கருதுகின்றனர். எனவே அவர்கள் மகனைப் பற்றி நிகழ்காலத்திலேயே பேசுகின்றனர். இத்தகைய நிலையை உளவியலாளர் பாலின் பாஸ் ‘தெளிவற்ற இழப்பு’ என்று குறிப்பிட்டார். இங்கே ‘இருக்கிறான்’, ‘இருந்தான்’ என்ற இரண்டு வினைமுற்றுகளுக்கு இடையே ஒரு தாயின் வாழ்வு நின்றுபோயிருக்கிறது. அவள் எந்தக் காலத்தில் பேசுகிறாளோ அதே காலத்தில் பதில் சொல்வதே அவளுக்குச் செய்யும் மரியாதை.

குழந்தைகளிடம் பேசுதல்

இறப்பு திரும்ப முடியாதது, எல்லோருக்கும் வருவது, இறந்த உடலுக்குப் பசியும் வலியும் இல்லை என்னும் மூன்றையும் குழந்தைகள் பெரும்பாலும் 5 முதல் 7 வயதிற்குள் புரிந்துகொள்கின்றனர். அதற்கு முன் ‘தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார்’ என்று சொன்னால் குழந்தை வாசலில் காத்திருக்கும். ‘தூங்குகிறார்’ என்று சொன்னால் இரவில் தூங்க அஞ்சும். ‘தாத்தா இறந்துவிட்டார், இனி வரமாட்டார், அவரைப் பற்றி நாம் பேசலாம்’ என்று எளிமையாகச் சொல்வதே நல்லது. அந்த வீட்டின் நம்பிக்கைக்கு ஏற்பச் சாமியிடம் இருக்கிறார் என்பதை அதன்பின் சேர்த்துக்கொள்ளலாம்.

பள்ளியில் ஒரு மாணவர் இறந்தால், வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர் நீக்கப்படும் நாளை வகுப்பு கவனிக்கும். ஒன்றும் சொல்லாமல் அடுத்த பெயருக்குச் செல்வதைவிட, ஒரு பாடவேளையை ஒதுக்கி, நண்பர்கள் நினைவில் உள்ளதைச் சொல்ல இடம் தருவது உதவும். பெற்றோரை இழந்த மாணவர் பள்ளிக்குத் திரும்பும்போது, எல்லோர் முன்னிலையிலும் விசாரிக்காமல் தனியே அழைத்துப் பேசுவதும், ‘அம்மா’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லும் நாளில் அவருக்கு வேறு தலைப்பையும் தேர்ந்தெடுக்கும் உரிமை தருவதும் நன்று. சிலர் அம்மாவைப் பற்றியே எழுத விரும்பலாம்.

துக்கம் கேட்பவர் கவனிக்க வேண்டியவை

துயர வீட்டிலிருந்து புறப்படும்போது ‘போய் வருகிறேன்’ என்று சொல்லாமல் செல்வது தமிழர் வழக்கம். என்ன சொல்லக் கூடாது என்பதில் மரபு கவனமாக இருந்ததற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. அந்தக் கவனத்தைப் பின்வருவனவற்றிற்கும் விரிக்கலாம்.

1. ‘அழாதே’ என்பதை விட அருகில் அமர்ந்திருப்பது நல்லது.

2. ‘வயதாகிவிட்டது, நல்ல சாவுதான்’, ‘எல்லாம் விதி’ ஆகியவற்றை வீட்டார் தாமே சொன்னால் கேட்கலாம். நாம் முதலில் சொல்லக் கூடாது.

3. இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. பெயரைச் சொன்னால் அவர்களுக்குத் துயரம் நினைவுக்கு வந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அவர்கள் அதை மறந்திருக்கவே இல்லை.

4. இறந்தவரைப் பற்றி நமக்கு மட்டும் தெரிந்த ஒரு சிறு செய்தியைச் சொல்வது பெரிய ஆறுதலாகும்.

5. முதல் பதினாறு நாட்களில் வீடு நிறைந்திருக்கும். மூன்றாம் மாதத்தில் யாரும் வருவதில்லை. அப்போது செல்வது அதிகம் உதவும்.

6. இறந்தவர் குறையே இல்லாதவராக இருந்திருக்க வேண்டியதில்லை. குடிப்பழக்கமோ கோபமோ உள்ளவரை இழந்தவருக்கு அன்பும் கசப்பும் சேர்ந்தே வரும். இரண்டையும் சொல்ல விட வேண்டும்.

7. பேச விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. சிலர் வேலை செய்தே துயரை ஆற்றுவர்.

இறந்தவர்களைப் பேச்சில் வைத்திருப்பதற்குத் தமிழ்ச் சமூகம் பல வழிகளை ஏற்படுத்தியுள்ளது. ஆனால் அவை அனைத்திற்கும் எதிரில் ஒருவர் தேவை. ஒப்பாரிக்குத் தோள் கொடுத்து அமரும் பெண்ணும், படையலன்று கேள்வி கேட்கும் பேரக் குழந்தையும், மூன்றாம் மாதத்தில் கதவைத் தட்டும் பக்கத்து வீட்டுக்காரரும் அந்த ஒருவராக இருக்கலாம். முன்பு கேட்ட கதையையே துயருற்றவர் மீண்டும் சொல்லத் தொடங்கும்போது, ‘இதை முன்பே சொன்னீர்கள்’ என்னாமல் இன்னொரு முறை கேட்பதும் துக்கம் கேட்டலே ஆகும்.